நாற்காலி கிடைக்கிறது, கையெழுத்து கிடைக்குமா?

கேள்வி:

தாராவியில் பதினோரு சின்னச் சின்ன அமைப்புகள் சேர்ந்து நடத்தும் ஒரு கூட்டமைப்பில் ஒன்பது வருடமாகக் கள ஒருங்கிணைப்பாளராக வேலை செய்கிறேன். மகளிர் சேமிப்புக் குழுக்கள், மாலை வகுப்புகள், ஒரு தையல் மையம், இரண்டு பால்வாடிகள் எல்லாம் எங்கள் உறுப்பினர்கள். ஊழியர்கள் பதினான்கு பேர். 17 வருடமாக இதை நடத்திய இயக்குநர் அக்கா அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். என்னைப் 'பொறுப்பு இயக்குநர்' ஆகச் சொல்கிறார்கள். அதே கூட்டத்தில் நிர்வாகக் குழுவின் பழைய உறுப்பினர்கள் மூன்று பேர் விலகி, புதிதாக மூன்று பேர் வருகிறார்கள். ஒருவர் வங்கி அதிகாரியாக இருந்தவர், இன்னொருவர் ஒரு பெரிய கம்பெனியில் இருந்தவர். கணக்கரும் வேலையை விடுகிறார். 2021இல் கொரோனாவில் இறந்த அறங்காவலர் ஒருவரின் பெயரே இன்னும் பதிவேட்டில் நீக்கப்படவில்லை என்று அவர் போகிற போக்கில் சொன்னார். உறுப்பினர் அமைப்புகளில் சிலர் 'கம்பெனிக்காரங்க கையில கொடுத்துட்டீங்களே' என்கிறார்கள். எல்லாவற்றையும் விடக் கஷ்டம் அக்காதான். குழுவில் 'நிரந்தர ஆலோசகர்' என்று ஓர் இடம் கேட்கிறார். அது சரிவராது, நீயே பக்குவமாகச் சொல்லிவிடு என்கிறார் தலைவர். 25 வயதில் எனக்கு வேலை கொடுத்தவர் அக்கா. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூன்று ராத்திரி கூட இருந்தவர். நான் இந்தப் பதவியை ஏற்கலாமா?

பி.கு. பிரிவு உபசார விழாவில் அக்காவுக்குப் பட்டுப்புடவை கொடுக்கலாமா, குத்துவிளக்கா?

– பெயர் வேண்டாம், மும்பை

பதில்:

தோழி, 'ஏற்கலாமா' என்ற கேள்வி உங்கள் கடிதத்தில் ஒரு வரிதான். மற்றதெல்லாம் ஏற்ற பிறகு வரப்போகும் தலைவலிகள். அப்படியானால் மனசுக்குள் ஏற்கெனவே சரி என்று சொல்லிவிட்டீர்கள். நானும் சரி என்றுதான் சொல்வேன். நீங்கள் மாட்டேன் என்றால் விளம்பரம் கொடுத்து வெளியிலிருந்து யாரையாவது கூட்டி வருவார்கள். 90 அடி ரோட்டுக்கும் 60 அடி ரோட்டுக்கும் நடுவே இருக்கிற சந்துகளைப் பழகவே அவருக்கு ஆறு மாதம் ஆகும். ஆனால் பொறுப்பேற்கும் தேதியை நீங்கள் சொல்லுங்கள். அதற்கு முன்னால் நடந்து முடிய வேண்டிய காரியங்கள் இருக்கின்றன.

என் கதையைக் கொஞ்சம் கேளுங்கள். முப்பது வருடம் வங்கியில் இருந்தவள் நான். அதில் பாதிக்கு மேல் கையெழுத்து சரிபார்க்கும் வேலை. பல வருடங்களுக்கு முன், எங்கள் பகுதியில் ஒரு சின்ன மாலை வகுப்பு சங்கத்துக்குப் பொருளாளர் ஆக்கினார்கள். வங்கிக்காரி, கணக்கு சரியாக இருக்கும் என்ற நம்பிக்கை. கணக்கு சரியாகத்தான் இருந்தது. செயலாளர் ஒரு நாள் பெண்ணின் கல்யாணத்துக்கு என்று வள்ளியூர் போனவர், அங்கேயே தங்கிவிட்டார். ராஜினாமா கடிதம் கிடையாது. சங்கத்தின் ரப்பர் ஸ்டாம்பு அவர் ட்ரங்க் பெட்டியோடு போய்விட்டது. செக்கில் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். புது செயலாளரைத் தேர்ந்தெடுத்து, தீர்மானம் எழுதி எடுத்துக்கொண்டு போனால், 'சாரிட்டி கமிஷனர் ஆபீஸ் பதிவேட்டில் இவர் பெயர் எங்கே?' என்று வங்கியில் கேட்டார்கள். அறக்கட்டளைகளைப் பதிவு செய்யும் அரசு அலுவலகம் அது. அவர்கள் கேட்டது நியாயம். நானாக இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். இரண்டரை மாதம் இரண்டு டீச்சர்களுக்குச் சம்பளம் போடவில்லை. அவர்கள் முகத்தைப் பார்க்கக் கூசி, மார்க்கெட்டுக்கே வேறு வழியாகப் போய்வந்தேன்.

அதனால்தான் உங்கள் கணக்கர் போகிற போக்கில் சொன்ன வார்த்தை எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. மகாராஷ்டிராவில் சங்கமாகப் பதிவு செய்திருந்தாலும், 1950ஆம் வருடத்துப் பொது அறக்கட்டளைச் சட்டத்திலும் பதிவு இருக்கும். அந்தச் சட்டத்தின் 22ஆம் பிரிவுப்படி, நிர்வாகக் குழுவில் ஒருவர் வந்தாலும் போனாலும் இறந்தாலும் 90 நாளுக்குள் 'சேஞ்ச் ரிப்போர்ட்' கொடுக்க வேண்டும். கொடுக்க வேண்டிய இடம் சாரிட்டி கமிஷனர் ஆபீஸ், உங்களுக்கு அது வொர்லியில் இருக்கிறது. 2021இல் நடந்ததைக் கொடுக்காமல் இப்போது புதிய மூவரின் பெயரை மட்டும் கொண்டுபோய் நீட்டினால், பழைய கணக்கு என்னவாயிற்று என்றுதான் முதலில் கேட்பார்கள். காலதாமதத்தைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லி, காரணம் எழுதி மனு போட வழி இருக்கிறது. இறப்புச் சான்றிதழ் அந்தக் குடும்பத்திடம் இருக்கும். போய் வாங்குங்கள். கூடவே அந்த வீட்டில் ஒரு டீயும் குடித்துவிட்டு வாருங்கள். இத்தனை வருடம் கூட்டமைப்பிலிருந்து யாராவது அந்தப் பக்கம் போனார்களோ என்னவோ.

இன்னொரு விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். விலகும் மூன்று பேரிடமும் ராஜினாமா கடிதம், இந்த மாற்றத்தில் ஆட்சேபணை இல்லை என்ற கையெழுத்து, இரண்டையும் இப்போதே வாங்கிவிடச் சொல்லுங்கள். இப்போது எல்லோரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரிக்கிறார்கள். நாளைக்கு ஒருவர் முறுக்கிக்கொண்டு 'எனக்கு நோட்டீஸே வரவில்லை' என்று வொர்லியில் ஓர் ஆட்சேபணை மனு கொடுத்தால் போதும், சாதாரண சேஞ்ச் ரிப்போர்ட் வழக்காக மாறி வருடக்கணக்கில் இழுக்கும். ஆகவே கூட்ட நோட்டீஸ் யாருக்கு எப்போது போனது என்பதற்கும் அத்தாட்சி இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் போட்டோம் என்பது போதாது. பைலா, அதாவது உங்கள் அமைப்பின் விதிமுறை, எத்தனை நாள் முன்னால், எப்படி அனுப்பச் சொல்கிறதோ அப்படியே அனுப்புங்கள்.

வெளிநாட்டு நன்கொடை வருகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. வந்தால், முக்கிய நிர்வாகிகள் மாறியதை எஃப்சி-6இ படிவத்தில் 45 நாளுக்குள் உள்துறை அமைச்சகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வராவிட்டால் நிம்மதி, அடுத்த விஷயத்துக்குப் போவோம்.

கணக்கர். ஒரு கூட்டமைப்பில் யார் போனாலும் ஊர் பேசும். கணக்கர் போனால் மட்டும் யாரும் பேசமாட்டார்கள். எனக்கென்னவோ உங்கள் இடத்தில் இருந்தால் அக்கா போவதை விட இவர் போவதற்குத்தான் தூக்கம் வராது. வருமான வரி இணையதளம், டிடிஎஸ், பிஎஃப், வங்கியின் நெட்பேங்கிங் இதிலெல்லாம் பதிவாகியிருக்கிற கைப்பேசி எண் யாருடையது? அநேகமாக அவருடையதுதான். அவர் வேறு வேலைக்குப் போய் ஒரு மாதம் கழித்து நீங்கள் லாகின் செய்தால், ஓடிபி அவர் பையில் கிணுகிணுக்கும். நல்ல மனிதராக இருந்தால் சொல்வார், அதுவும் மீட்டிங்கில் இல்லாவிட்டால். எண்ணையும் மின்னஞ்சலையும் கூட்டமைப்பின் பெயரில் வாங்கிய ஒரு சிம்முக்கு மாற்றுங்கள். டாலி கணக்கு மென்பொருளின் பேக்கப், யூஎஸ்பியில் இருக்கிற டிஜிட்டல் கையெழுத்து, வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி சான்றிதழ்களின் அசல் எல்லாவற்றையும் எழுதி, கொடுத்தவர் வாங்கியவர் இருவரும் கையெழுத்துப் போடுங்கள். கடைசி நாளில் கேக் வெட்டிவிட்டு இதைச் செய்ய முடியாது. பதினைந்து நாள் முன்னால் தொடங்குங்கள்.

இப்போது அக்கா.

தலைவர் உங்களிடம் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. பூனைக்கு மணி கட்ட உங்களை அனுப்புகிறார். குழுவில் யார் இருக்கலாம், யார் இருக்கக் கூடாது என்று சொல்வது குழுவின் வேலை, அதன் தலைவருடைய வேலை. 17 வருடம் உழைத்தவரிடம் 'இனி உங்களுக்கு இங்கே இடமில்லை' என்று அவர் வளர்த்த பெண்ணையே சொல்லவைப்பது கோழைத்தனம். அதை நீங்கள் செய்தால், சொன்ன விஷயம் மறந்துபோகும், சொன்னவள் நீங்கள் என்பது மட்டும் அக்கா மனசில் நிற்கும். தலைவரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள்: "சார், இது நீங்க பேச வேண்டியது. நீங்க பேசினப்புறம் நான் அக்கா வீட்டுக்குப் போறேன்." அவர் மழுப்பினால், அவரை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதும் பதவி ஏற்கும் முன்பே தெரிந்துவிடும்.

அக்கா கேட்பது தப்பா? ஆசை தப்பில்லை. ஆனால் அவர் குழுவில் உட்கார்ந்திருக்கும் வரை ஊழியர்கள் உங்களிடம் லீவு கேட்டுவிட்டு அவரிடமும் ஒரு வார்த்தை சொல்வார்கள். சேமிப்புக் குழு அக்காமார்கள் நீங்கள் 'முடியாது' என்றதும் நேரே அவர் வீட்டுக்குப் போவார்கள். அவரும் நல்லெண்ணத்தில் உங்களைக் கூப்பிட்டு, 'இந்த ஒரு தடவை விட்டுரு' என்பார். நீங்கள் விட்டுவிடுவீர்கள், ஆஸ்பத்திரியில் மூன்று ராத்திரி இருந்தவராயிற்றே. ஒரு வருடமாவது குழுவில் வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். அதற்கு மேல் அவர்களாகக் கூப்பிடட்டும். ஆலோசகர் என்று சம்பளம் கொடுத்து வைப்பதானால் மூன்று மாதம், இன்ன வேலை, இன்ன தொகை என்று எழுத்தில் இருக்கட்டும். நன்கொடையாளர்களிடம் உங்களை அழைத்துப்போய் அறிமுகம் செய்வது, எந்தக் குழுவுக்கும் எந்தக் குழுவுக்கும் பழைய தகராறு என்று சொல்லிக்கொடுப்பது, இதெல்லாம் அவர் மட்டும் செய்யக்கூடிய வேலைகள். குழுவில் உட்கார்ந்துகொண்டே சம்பளமும் வாங்குவதை உங்கள் பைலா அனுமதிக்கிறதா என்றும் பாருங்கள். பல அறக்கட்டளைகளில் அனுமதி கிடையாது.

தலைவர் பேசி முடித்த பிறகு நீங்கள் அக்கா வீட்டுக்குப் போகும்போது பதவியைப் பற்றிப் பேசாதீர்கள். அவரே எடுத்தால் கேட்டுக்கொள்ளுங்கள். கோபப்படுவார். படட்டும். விளக்கம் சொல்லிச் சமாதானப்படுத்தப் போனால் அங்கேயே ஏதாவது வாக்குக் கொடுத்துவிட்டு வருவீர்கள்.

'கம்பெனிக்காரங்க' என்ற முணுமுணுப்பை லேசாக எடுக்காதீர்கள். 2024 மார்ச்சில், தாராவியை இடித்துக் கட்டும் மறுமேம்பாட்டுத் திட்டத்துக்கான கணக்கெடுப்பு தொடங்கி, கதவுகளில் நம்பர் எழுத ஆரம்பித்ததிலிருந்து தாராவியில் எந்தப் புது முகத்தைப் பார்த்தாலும் 'இவன் யார் ஆள்?' என்ற கேள்விதான் முதலில் வருகிறது. இருக்கிற இடம் போய்விடுமோ என்ற பயம்தான், மாடியில் குடியிருப்பவர்களுக்கு அது இன்னும் அதிகம். எனவே புதிய மூவருக்கும் கட்டுமானம், நிலம், மறுமேம்பாடு சம்பந்தப்பட்ட எந்த நிறுவனத்தோடும் வேலையோ ஒப்பந்தமோ பங்கோ இருக்கிறதா என்று எழுதி வாங்கி, மினிட்ஸில் ஏற்றச் சொல்லுங்கள். இருந்தால் அவர் வேண்டாம். இல்லை என்றால் அந்தத் தாளே உறுப்பினர்களுக்கு உங்கள் பதில். வங்கி அதிகாரியாக இருந்தவரை மட்டும் விரட்டிவிடாதீர்கள், அது எங்கள் ஜாதிப் பாசம் என்று நினைத்தாலும் பரவாயில்லை. கணக்கரும் போகிற நேரத்தில் பாலன்ஸ் ஷீட் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் குழுவில் இருப்பது நல்லது.

புதிய மூவரைத் தேர்ந்தெடுக்கும் பொதுக்குழுக் கூட்டத்துக்கு முன்னால் பதினோரு அமைப்புகளுக்கும் நீங்களே நேரில் போங்கள். தெரிந்தவர்கள்தானே என்று போனில் முடிக்காதீர்கள். இதுவரை ஒருங்கிணைப்பாளராகப் போனீர்கள், இந்த முறை போவது வேறு. போகும்போது சந்தா கட்டிவிட்டார்களா என்றும் கேளுங்கள். 1860ஆம் வருடத்துச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி, மூன்று மாதத்துக்கு மேல் சந்தா பாக்கி வைத்த உறுப்பினருக்கு ஓட்டு கிடையாது. வருடச் சந்தாதானே என்று பால்வாடிக்காரர்கள் மறந்திருப்பார்கள். தேர்தல் முடிந்தபின் தோற்றவர்கள் கிளப்பும் முதல் புகார் இதுவாகத்தான் இருக்கும்.

உங்களுக்காக ஒன்று கேளுங்கள். 'பொறுப்பு' என்பது எத்தனை மாதம்? எத்தனை ரூபாய் வரை நீங்களே செலவுக்கு ஒப்புதல் தரலாம்? செக்கில் உங்கள் கையெழுத்து உண்டா? வேலைக்கு ஆள் எடுக்க அதிகாரம் உண்டா? சம்பளம் எவ்வளவு கூடும்? இவ்வளவும் தீர்மானத்தில் வரவேண்டும். நம் பெண்கள் மற்றவர் சம்பளத்துக்காகச் சண்டை போடுவார்கள், தன் சம்பளம் என்று வந்தால் 'அதெல்லாம் அவங்க பார்த்துச் செய்வாங்க' என்பார்கள். யாரும் பார்த்துச் செய்யமாட்டார்கள்.

பின்குறிப்புக்கு வருகிறேன். புடவையா விளக்கா என்பதற்கு முன்னால், அக்காவின் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை எங்கே? பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் இடம், ஐந்து வருடத்துக்கு மேல் சேவை. அவருக்கு அது உரிமை. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 26,000 என்று வைத்துக்கொள்வோம். அதை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் வருடத்துக்கு 15,000. 17 வருடத்துக்கு 2,55,000 ரூபாய். முப்பது நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். இதற்குப் பணம் ஒதுக்கி வைத்திருக்கிறார்களா என்று விலகப்போகும் பழைய குழுவிடம் அவர்கள் விலகும் முன்பே கேளுங்கள். இல்லையென்றால் அந்தக் கடன் உங்கள் முதல் மாதத்தில் உங்கள் மேஜைக்கு வரும். அப்போது புதிய குழு, 'இதெல்லாம் எங்களுக்கு முந்தியது' என்று கை கழுவப் பார்க்கும்.

விழாவில் அந்த செக்கைத் தலைவர் கையால் தட்டில் வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். புடவையை நீங்களும் ஊழியர்களும் சொந்தப் பணம் போட்டு மாட்டுங்காவில் எடுங்கள். குத்துவிளக்கு வேண்டாம். 17 வருடத்தில் எத்தனை விழாவுக்கு விருந்தினராகப் போயிருப்பார், வீட்டில் ஏற்கெனவே ஏழெட்டு இருக்கும்.