தியேட்டரில் வைத்தே கட்டியைப் பார்த்துச் சொல்வதை நம்பலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 53 வயது, வலது மார்பில் கட்டி. சத்திரசிகிச்சை நடக்கும்போதே பத்து, பதினைந்து நிமிடத்தில் கலங்களைப் பார்த்துச் சொல்வார்களாம். நம்பலாமா? கண் விழிக்கும்போது மார்பு இருக்காதோ என்று அம்மா அழுகிறார். (முல்லைத்தீவிலிருந்து ஒரு மகள்)

பதில்: பிள்ளை, அம்மாவின் பயம் வீண்பயம் இல்லை. முன்பு அப்படித்தான் நடந்தது. மயக்கத்தில் இருக்கும்போதே முடிவு பார்த்து, புற்றுநோய் என்றால் அப்போதே மார்பை எடுத்துவிடுவார்கள். 1970களில் அமெரிக்கப் பத்திரிகையாளர் ரோஸ் குஷ்னர், தனக்கே இந்த நோய் வந்தபோது, பரிசோதனை ஒரு நாள், சத்திரசிகிச்சை இன்னொரு நாள் என்று பிரித்து வையுங்கள் என்று விடாமல் போராடினார். அதனால், புற்றுநோய் என்று வந்தால் அன்றைக்கே என்ன செய்வீர்கள் என்பதை டொக்டரிடம் வாய் திறந்து கேட்டு, அம்மாவுக்கும் விளங்கிய பிறகுதான் சம்மதப் படிவத்தில் கையொப்பம் வைக்க வேண்டும்.

சரி, பரிசோதனைக்கு வருவோம். எடுத்த கட்டியை வெட்டி, வெட்டுமுகத்தில் கண்ணாடித்தட்டை ஒற்றி எடுத்து, சாயம் போட்டு நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். முற்றின கதிரைத் தொட்டால் நெல் உதிருமே, அதுபோலப் புற்றுநோய்க் கலங்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடிக்காமல் தட்டில் நிறைய ஒட்டிக்கொள்ளும். கட்டியை உறையவைத்து மெல்லியதாகச் சீவிப் பார்ப்பதும் உண்டு, ஆனால் மார்பில் கொழுப்பு அதிகம், அது சரியாக உறையாது, சீவவும் வராது. ஒற்றி எடுத்த தட்டை அனுபவமுள்ள நோயியல் நிபுணர் பார்த்தால் பெரும்பாலும் சரியாகவே வரும். ஆனால் நார்பிடித்த கட்டியில் கலங்கள் ஒட்டாமல் போகலாம், சிறிய கலங்களாகப் பரவும் ஒரு வகைப் புற்றுநோயைத் தவறவிடவும் கூடும். பால்குழாய்க்குள் மட்டும் நிற்கிறதா, வெளியே பரவிவிட்டதா என்பதை ஒற்றிய தட்டு சொல்லாது. அதற்குக் கட்டியை மெழுகில் பதித்துப் பார்க்கிற ரிப்போர்ட் வேண்டும், சில நாள் எடுக்கும். ஹோர்மோன் மருந்து பலன் தருமா என்பதும் அந்தத் திசுவைச் சோதித்துத்தான் தெரியும்.

அப்புறம், ஊசியால் கட்டியிலிருந்து துண்டு எடுத்து முதலிலேயே பார்த்துவிட்டார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால், அதை முதலில் செய்ய முடியுமா என்று கேட்பதில் தப்பே இல்லை, இப்போது எங்கும் விரும்புகிற வழி அதுதான். அந்த முடிவு கையில் இருந்தால் என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்தே அம்மா தியேட்டருக்குள் போவார். ஆனால் பயந்துபோய், சத்திரசிகிச்சைக்குத் தந்த நாளை மட்டும் விட்டுவிடாதீர்கள்.