மெர்சிடிஸ் சாவியும் ஏசி சமாதியும்

வணக்கம் சார்,

ரஷ்யாவின் யெக்காத்தரின்பர்க் நகரத் தாதாக்களின் கல்லறைகள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் கிருஷ்ணகிரியில் ஒரு கிரானைட் யூனிட்டில் சூப்பர்வைசர். எங்களிடமிருந்து போகும் கறுப்புக் கல்லில் நிறைய ஐரோப்பாவில் கல்லறையாகத்தான் நிற்கிறது, அதனால் படங்களைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தேன். சில கேள்விகள். ஒரு கல்லில் செதுக்கியிருக்கும் ஆள் கையில் மெர்சிடிஸ் சாவி வைத்திருக்கிறானே, அதற்கு அந்தக் கூட்டத்துக்குள் ஏதாவது சங்கேத அர்த்தம் உண்டா? பச்சை குத்துவதில் உண்டு என்கிறார்கள். மெக்சிகோவில் சமாதிக்கு ஏசி போடுகிறார்கள் என்று யூடியூபில் பார்த்தேன், நிஜமா? மும்பைத் தாதா வரதராஜ முதலியார் மாதிரி நம் ஆட்களுக்கு ஏன் இப்படி ஒன்றும் இல்லை? கடைசியாக, தப்பாக நினைக்காதீர்கள், கொலைகாரர்களின் சமாதியை இவ்வளவு ரசித்து எழுதினால் அவர்களைப் பெரிய ஆளாக்குவது போல் ஆகாதா?

க., கிருஷ்ணகிரி

அன்புள்ள க.,

சங்கேதம் எதுவும் கிடையாது. சாவி என்றால் சாவிதான். "என்னிடம் மெர்சிடிஸ் இருந்தது" என்கிறார், அவ்வளவுதான். அந்தக் கல்லில் நிற்பவர் மிகயீல் கூச்சின், யெக்காத்தரின்பர்க்கின் 'சென்டர்' கும்பலின் தலைவர்களில் ஒருவர், 1994இல் கொல்லப்பட்டார். அந்த வருடங்களில் ரஷ்யா முழுக்க ஆலைத் தொழிலாளிகளுக்கு மாதக்கணக்கில் சம்பளம் வராமல் கிடந்தது. பேருந்து பிடித்துக் கல்லறைத் தோட்டத்துக்கு வந்து, அம்மாவின் கல்லில் பூ வைத்துவிட்டுத் திரும்புகிற ஒரு தொழிலாளியின் கண்ணில் அந்த நட்சத்திரச் சின்னம் பட வேண்டும், பட்டவுடன் புரியவும் வேண்டும். யாருக்கும் புரியாத குறியீட்டைச் செதுக்கி என்ன பிரயோஜனம்?

பச்சை குத்துவது வேறு சமாச்சாரம். அது சிறைக்குள் இருப்பவர்கள் படிப்பதற்காக எழுதியது. மார்பில் தேவாலயம் குத்தியிருந்தால் அதில் எத்தனை கோபுரமோ அத்தனை முறை தண்டனை, முழங்காலில் நட்சத்திரம் என்றால் எவன் முன்னாலும் மண்டியிட மாட்டேன். தகுதி இல்லாமல் குத்திக்கொண்டு வந்தவனைச் சக கைதிகளே அடித்து, தோலோடு சுரண்டி எடுக்கவைத்ததுண்டு. கல்லறையில் அந்தச் சரிபார்ப்பே இல்லை. பணம் கொடுத்தால் எதை வேண்டுமானாலும் செதுக்கித் தருவார்கள், பொய்யென்று சொல்ல எவனும் உளியோடு வரமாட்டான்.

இதில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. பழைய ரஷ்யத் திருடர்களின் சட்டப்படி ஒரு அசல் திருடனுக்குச் சொத்து கூடாது, குடும்பம் கூடாது, வேலை பார்க்கவே கூடாது. ஸ்டாலின் கால முகாமில் செத்தால் காலில் எண் எழுதிய ஒரு வில்லையைக் கட்டிப் புதைப்பார்கள், கதை முடிந்தது. யெக்காத்தரின்பர்க்கில் ஆளுயரக் கல் வைத்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் அந்த மரபுக்காரர்களே இல்லை. உரால்மாஷ் என்பது அந்த ஊரின் கனரக இயந்திர ஆலை, அதைச் சுற்றி வளர்ந்த குடியிருப்பில் குத்துச்சண்டை, மல்யுத்தம் என்று திரிந்த பையன்கள் சோவியத் யூனியன் உடைந்த நேரத்தில் கடைக்காரர்களிடம் மாமூல் வாங்க ஆரம்பித்து, பிறகு ஆலைகளுக்கே பங்குதாரர் ஆனார்கள். சென்டர் கும்பலுக்கும் இவர்களுக்கும் நடந்த சண்டையில் 1991 ஜூனில் உரால்மாஷின் கிரிகோரி சிகானோவ் செத்தார், 1992 அக்டோபரில் சென்டரின் ஒலெக் வாகின். சாவிலும் ஒன்று சேரவில்லை. சென்டர்காரர்கள் ஷிரோகாரெச்சென்ஸ்கோயே கல்லறைத் தோட்டத்தில், உரால்மாஷ்காரர்கள் வடக்குக் கல்லறைத் தோட்டத்தில்.

நீங்கள் கல் தொழிலில் இருப்பதால் ஒன்று. அவர்கள் விரும்பும் கறுப்புக் கல் கரேலியாவில் வெட்டுகிற டோலரைட், காப்ரோ வகை. உங்கள் பக்கத்துக் 'கறுப்பு கிரானைட்'டும் டோலரைட்தானே. நன்றாகப் பாலிஷ் ஏறினால் கண்ணாடி மாதிரிக் கறுப்பு, கீறினால் வெளிர் சாம்பல். அந்த வித்தியாசத்தில்தான் முகம் கிடைக்கிறது, தோல் ஜாக்கெட்டின் மடிப்பு வரை கிடைக்கிறது. முதலில் கையால் வைர முனை ஊசி கொண்டு புள்ளி புள்ளியாகக் குத்தினார்கள், பிறகு லேசர் வந்தது. ஆனால் கல்லறையில் முகம் வைக்கும் வழக்கத்தைத் தாதாக்கள் கண்டுபிடிக்கவில்லை. சோவியத் காலத்துச் சாதாரண ஆசிரியை, லாரி டிரைவர் கல்லறைகளில்கூட முட்டை வடிவ எனாமல் தகட்டில் போட்டோ இருக்கும். பக்கத்தில் ஒரு பெஞ்ச், சின்ன மேசை. ஒன்பதாம் நாள், நாற்பதாம் நாள், வருடத் திதி என்று உறவுகள் வந்து உட்கார்ந்து வோட்கா ஊற்றி நினைவுகூர்வார்கள். தாதா செய்ததெல்லாம் தகட்டை ஆளுயரமாக்கியதும் மேசையைப் பளிங்கில் போட்டதும்தான். அந்த மேசைக்கே குண்டு வைத்தவர்களும் உண்டு. 1996 நவம்பரில் மாஸ்கோவின் கோத்லியாகோவ்ஸ்கோயே கல்லறைத் தோட்டத்தில், ஆப்கன் போரில் ஊனமுற்றவர்களுக்கான நிதியத்தின் கொல்லப்பட்ட தலைவருக்கு நினைவு நாள் அனுசரித்தபோது வெடித்துப் பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள். அந்த நிதியத்துக்குச் சாராயமும் சிகரெட்டும் சுங்கவரி இல்லாமல் இறக்குமதி செய்யும் சலுகை இருந்தது, சண்டையெல்லாம் அந்தப் பணத்துக்காக.

எங்கே பார்த்தாலும் இதே கதைதான். ஊரில் ஏற்கெனவே இருக்கும் சாவு வழக்கத்தை எடுத்துப் பத்து மடங்காக்குவதைத் தவிர நிழலுலகம் சொந்தமாக எதையும் உண்டாக்கியதில்லை. லண்டனில் 1995 மார்ச்சில் தாதா ரானி கிரேயின் சவ ஊர்வலம், கண்ணாடி வண்டி, கறுப்பு இறகு சூடிய ஆறு கறுப்புக் குதிரைகள் என்று நடந்ததைப் பார்த்து மாஃபியா பாணி என்றார்கள். அவருடைய ஊரான கிழக்கு லண்டனின் ஈஸ்ட் எண்ட் உழைப்பாளிக் குடும்பங்கள் விக்டோரியா காலத்திலிருந்து சீட்டுக் கட்டியாவது அப்படித்தான் அனுப்பிவைத்தன. போலீஸ்காரரோடு விலங்கில் பிணைக்கப்பட்டு இரட்டைச் சகோதரர் ரெஜி வந்ததுதான் அன்றைக்குப் புதிது.

சரி, சிகாகோவைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மலர்வளையத்தின் அரசியலை அதைவிடத் தெளிவாக வேறெங்கும் பார்க்க முடியாது. டீன் ஓபானியன் வடக்குப் பகுதிக் கள்ளச்சாராயத் தலைவர், கூடவே நிஜமான பூக்கடைக்காரர், ஹோலி நேம் பேராலயத்துக்கு எதிரில் கடை. ரவுடிகளின் சாவுகளுக்கெல்லாம் பூ அங்கிருந்துதான் போகும். 1924 நவம்பரில் சிசிலியர் சங்கத் தலைவர் மைக் மெர்லோ புற்றுநோயில் இறக்க, ஆர்டர்கள் குவிந்தன. 10ஆம் தேதி மூன்று பேர் மெர்லோவுக்கான பூவை வாங்க வந்தது போல் கடைக்குள் வந்தார்கள், ஒருவர் கை குலுக்கப் பிடித்துக்கொண்டார், மற்றவர்கள் சுட்டார்கள். ஓபானியனின் பெட்டி அந்தக் கால மதிப்பில் 10,000 டாலர், பூ மட்டும் 26 லாரி. அதில் ஒரு கூடை ரோஜாவின் சீட்டில் 'அல்' என்று இருந்தது. அல் கபோன்தான், கொலைக்குப் பின்னால் அவர் இருக்கிறார் என்று ஊருக்கே தெரியும். பூ வந்ததா, எவ்வளவு பெரிது, யார் சீட்டு என்று எல்லாரும் எண்ணிக்கொண்டிருக்கும் இடத்தில் பூ அனுப்பாமல் இருந்தால் அதுவே வாக்குமூலம். கர்தினால் மண்டலைன் கோயில் சடங்குக்கு அனுமதி தரவில்லை, மவுண்ட் கார்மெல் கல்லறைத் தோட்டத்தில் முதலில் மந்திரிக்காத மண்ணில்தான் புதைத்தார்கள். கபோனும் கடைசியில் அதே தோட்டத்துக்குத்தான் வந்தார். 1947இல் வேறிடத்தில் புதைத்து, 1950இல் இங்கே மாற்றினார்கள். தரையோடு கிடக்கும் சின்னக் கல், 'என் இயேசுவே இரக்கம்' என்ற வரி. அதன்மேல் சுற்றுலாப் பயணிகள் சுருட்டு வைத்துவிட்டுப் போகிறார்கள்.

ஏசி நிஜம்தான். சினலோவா மாநிலத்தில் குலியாகான் நகரம், ஹார்தினேஸ் தெல் உமாயா என்ற கல்லறைத் தோட்டம், போதைக் கும்பல்காரர்களின் சமாதிகளுக்குப் பேர்போனது. இரண்டு மாடி, மூன்று மாடி, குவிமாடம், குண்டு துளைக்காத கண்ணாடி, உள்ளே சோபா, கழிப்பறை. பார்ப்பவர்கள் பிணத்துக்கு எதற்கு ஏசி என்று சிரிக்கிறார்கள். பிணத்துக்கு இல்லை. மெக்சிகோவில் நவம்பர் 2 இறந்தோர் தினத்திலும் அன்னையர் தினத்திலும் குடும்பமே கல்லறைக்கு வந்து, சாப்பிட்டு, பாண்டு வாத்தியம் வைத்துப் பொழுது முழுக்க இருப்பார்கள், குலியாகான் வெயிலோ 40 டிகிரியைத் தொடும். அந்தக் குளிர் அம்மாவுக்கும் விதவைக்கும் குழந்தைகளுக்கும்தான். உள்ளே கிடக்கும் பலர் இருபது சொச்சம் வயதுப் பையன்கள். பேனரில் பிக்கப் வண்டிக்குப் பக்கத்தில் துப்பாக்கியோடு நிற்பார்கள். பெரிய தலைகளும் உண்டு. 2009 டிசம்பரில் கடற்படை வீரர்கள் கொன்ற போதைக் கும்பல் தலைவர் ஆர்துரோ பெல்ட்ரான் லெய்வா அங்கேதான் இருக்கிறார். அடுத்த மாதமே யாரோ ஒரு வெட்டிய தலையை அவர் சமாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். அதற்கும் யாரும் உரை எழுத வேண்டியதில்லை.

அரசாங்கங்களுக்கும் இது புரிந்தே இருக்கிறது. இத்தாலியில் 1931இன் பொதுப் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்டப் போலீஸ் தலைவர் சவ ஊர்வலத்தைத் தடை செய்யலாம், மாஃபியா தலைவர்களை விடியற்காலையில் நாலைந்து உறவினர்களோடு புதைக்கச் சொல்வது அங்கே சகஜம். ஒருமுறை கோட்டை விட்டார்கள், 2015 ஆகஸ்டில், அதுவும் ரோம் நகரில். ரோமின் கசமோனிகா குற்றக் குடும்பத்துத் தலைவர் விட்டோரியோ கசமோனிகாவின் பெட்டி ஆறு குதிரை வண்டியில் வர, ஹெலிகாப்டர் ரோஜா இதழ் தூவ, கோயில் வாசலில் 'காட்ஃபாதர்' இசை. போப் மாதிரி வெள்ளை அங்கியில் அவர் நிற்கும் பெரிய பேனர், 'ரோமின் அரசன்' என்று. ஹெலிகாப்டர் ஓட்டியவரின் உரிமத்தை நிறுத்தி வைத்தார்கள். 2006இல், சுவாசக் கருவியை நிறுத்தச் சொல்லிப் போராடி இறந்த பியர்ஜியோர்ஜியோ வெல்பிக்குத் திருச்சபை சடங்கு மறுத்ததும் அதே சான் ஜொவான்னி போஸ்கோ கோயிலில்தான் என்பதை இத்தாலியர்கள் மறக்காமல் ஞாபகப்படுத்தினார்கள், எனக்கு அது ஹெலிகாப்டரைவிட அசிங்கமாகப் பட்டது.

சிசிலிக்காரர்களுக்கு இந்த ஆர்ப்பாட்டமெல்லாம் கீழ்த்தரம். அங்கத்திய மாஃபியா தலைவர் பிரான்செஸ்கோ மெஸ்ஸினா தெனாரோ தலைமறைவாகவே வாழ்ந்து, 1998 நவம்பரில் ஊருக்கு வெளியே பிணமாகக் கிடந்தார். கோட்டு சூட்டு போட்டு, அடக்கத்துக்குத் தயாராக யாரோ உடுத்திக் கிடத்திவிட்டுப் போயிருந்தார்கள். அதன்பிறகு வருடா வருடம் அந்தத் தேதியில் நாளிதழில் ஒரு நினைவஞ்சலி விளம்பரம் வரும். தேடப்படும் குற்றவாளியான மகன் மத்தேயோவும் உயிரோடுதான் இருக்கிறான், குடும்பம் அசையவில்லை என்று ஊருக்குச் சொல்ல அந்த நாலு வரி போதும். அங்கே பயம் ஏற்கெனவே வேரோடியிருக்கிறது. நேற்று முளைத்த உரால்மாஷ்காரர்களுக்குத்தான் கல் ஆளுயரம் வேண்டியிருந்தது.

வரதராஜ முதலியார் விஷயம் எளிது. எரிக்கிற வழக்கத்தில் கல்லறை எங்கிருந்து வரும்? 1988 ஜனவரியில் சென்னையில் இறந்தார், உடலைத் தனி விமானத்தில் மும்பை கொண்டுபோனார்கள், ஏற்பாடு செய்தவர் பனைக்குளத்துக்காரரான ஹாஜி மஸ்தான். ஊர்வலத்துக்குக் கூட்டம் வந்தது, அத்தோடு சரி. கல்லில் வைக்க வேண்டிய படாடோபத்தை அவர் உயிரோடு இருக்கும்போதே மாதுங்கா ரயில் நிலையத்துக்கு வெளியே போட்ட பிள்ளையார் பந்தலில் வைத்துவிட்டார்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. பெரிய ஆளாக்குகிறேனா? ரசிக்கிறேன், அதை மறைக்கவில்லை, கல்லில் தோல் ஜாக்கெட் மடிப்பைக் கொண்டுவந்த கை நல்ல கை. ஆனால் இதே ஆட்கள் அடுத்தவர்களுக்குச் செய்த அடக்கத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அது பெரும்பாலும் அடக்கமே இல்லாமல் செய்வது. சான்டினோ தி மத்தேயோ என்ற சிசிலி மாஃபியாக்காரர் அரசுத் தரப்புச் சாட்சியாக மாறியதற்காக அவருடைய மகன் ஜுசெப்பேயை, பன்னிரண்டு வயதுப் பையன், 1993 நவம்பரில் கடத்தி, இரண்டு வருடத்துக்கு மேல் அடைத்துவைத்து, 1996 ஜனவரியில் கழுத்தை நெரித்து, உடலை அமிலத்தில் கரைத்தார்கள். பெற்றவர்கள் போய் நிற்க ஒரு குழிகூட இல்லை. அந்தக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர்களில் ஒருவர் மேலே சொன்ன பிரான்செஸ்கோவின் மகன் மத்தேயோ. முப்பது வருடம் தலைமறைவாக இருந்து 2023 ஜனவரியில் பிடிபட்டு, செப்டம்பரில் மருத்துவமனையின் கைதிகள் பிரிவில் புற்றுநோயில் இறந்தார். காஸ்தெல்வெத்ரானோவில் குடும்பக் கல்லறையில் அப்பாவுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. மெக்சிகோவில் காணாமல்போனவர்களின் அரசுப் பட்டியல் 2022இல் ஒரு லட்சத்தைத் தாண்டியது. ஏசி சமாதி இருக்கும் அதே சினலோவாவில்தான் 2014இலிருந்து தாய்மார்கள் குழுவாகச் சேர்ந்து, மண்வெட்டியும் இரும்புக் கம்பியுமாகக் காடு மேடெல்லாம் போய், கம்பியை மண்ணில் இறக்கி எடுத்து, நுனியை மோந்து பார்த்துப் பிள்ளைகளைத் தேடுகிறார்கள். அவர்களைப் பற்றித் தனியாக எழுத உத்தேசம் உண்டு.

அப்புறம், கறுப்புக் கல்லில் கையால் முகம் குத்துகிற ஆட்கள் உங்கள் பக்கம் இன்னும் இருக்கிறார்களா? இருந்தால் எப்படிச் செய்கிறார்கள் என்று நீங்கள் எழுதுங்கள், இங்கே போடுகிறேன்.