பதில்: மெக்சிகோவின் வஹாக்கா நகரில் வாங்கிய கருப்புப் பூச்சாடி கசிகிறது

கடைக்காரர் உங்களை ஏமாற்றியிருக்க மாட்டார். கண்ணாடி போல மின்னும் கருப்பு மண்பாண்டம் தண்ணீர் தாங்காது, அவ்வளவுதான். இதைச் செய்யும் சான் பார்த்தோலோ கோயோத்தெபெக் ஊரில் முன்பெல்லாம் செய்தவை தண்ணீரும் மெஸ்கால் சாராயமும் வைக்கும் மங்கலான சாம்பல் நிறப் பானைகள். 1950களில் தோன்யா ரோசா என்ற குயவர், பாதி காய்ந்த பானையைப் படிகக்கல்லால் தேய்த்து, சூட்டைக் குறைத்துச் சுட்டால் பளபளப்பு வருவதைக் கண்டார். அழகு கூடியது, உறுதி போயிற்று. கருப்பும் சாயம் இல்லை. சூளையை அடைத்துவிடுவதால் காற்றில்லாமல் ஏறும் நிறம்.

பெயின்ட், மெழுகு எதையும் பூசிக் கெடுக்காதீர்கள். உள்ளே ஒரு கண்ணாடி டம்ளரை வைத்து அதில் பூவை வையுங்கள்.

அடுத்த மாதம் போகும் உங்கள் தம்பியிடம் சாம்பல் நிறப் பானையாகக் கேட்கச் சொல்லுங்கள். விரலால் சுண்டினால் மணி போல 'டங்' என்று கேட்க வேண்டும். அந்தக் குயவர் ஊர் வஹாக்கா நகரத்துக்குத் தெற்கே, விமான நிலையம் இருக்கும் பக்கம். அதனால் கடைசி நாளில் வாங்கினால் போதும், சுமக்க வேண்டாம்.

அப்புறம், அவர் கேட்ட 'கல் அருவி' இயெர்வே எல் அகுவா. அது நகரத்துக்குக் கிழக்கே, சுமார் 70 கிலோமீட்டர். பெயருக்கு 'தண்ணீர் கொதிக்கிறது' என்று பொருள், ஆனால் ஊற்று கொதிப்பதில்லை, குமிழிதான் விடும். சுண்ணாம்பு படிந்து படிந்து மலை விளிம்பில் அருவி உறைந்தது போல நிற்கும். காலையிலேயே கிளம்பச் சொல்லுங்கள். வழியில் தூலே ஊரில் இருக்கும் பிரம்மாண்டமான பழைய மரத்தையும் பார்த்துவிடலாம்.