அப்பத்தாவின் தூக்க மாத்திரையும் விடியற்காலைக் கனவும்

கேள்வி: என் அப்பத்தாவுக்கு 74 வயது. கானாடுகாத்தான் வீட்டில் அத்தையோடு இருக்கிறார். ஐயா (என் தாத்தா) தவறியபோது தூக்கம் வராமல் தவித்ததால், ஒரு மருத்துவர் அல்பிரசோலம் 0.5 மி.கி. ஒரு மாதத்துக்கு எழுதிக் கொடுத்தார். அது நான்கு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஞாபக மறதி வரும் என்று கேள்விப்பட்டு, ஊருக்குப் போன நான் மாத்திரை அட்டையைத் தூக்கி எறிந்துவிட்டேன். மூன்று நாளாகிறது. இரவெல்லாம் விழித்திருக்கிறார், கை நடுங்குகிறது. விடியற்காலை கண் அசந்தால் ஐயா முகப்பில் நிற்பதுபோலக் கனவு. “உங்க ஐயா கூப்புடுறாக, எனக்கு நாள் வந்துருச்சு” என்று அழுகிறார். கசகசா அரைத்துப் பாலில் கொடுக்கலாமா?

பதில்: கடிதம் கண்டதும் உங்களுக்கு உடனே சொன்னதையே இங்கேயும் முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அன்பினாலேயே இந்தத் தவறைச் செய்யும் வீடுகள் நிறைய. இன்றே ஒரு மருத்துவரிடம் பேசுங்கள். பெரும்பாலும் பழைய அளவிலேயே மாத்திரையை மறுபடி தொடங்கச் சொல்வார். பல வருடம் சாப்பிட்ட அல்பிரசோலத்தைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், அதுவும் முதல் சில நாட்களிலேயே. ஆள் அடையாளம் தெரியாமல் பேசினாலோ, உடம்பு வெட்டி இழுத்தாலோ காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

நீங்கள் பயந்தது தவறில்லை. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த வகை மாத்திரையைக் கூடியவரை தவிர்க்கத்தான் நாங்களும் சொல்கிறோம். நினைவு மந்தமாகும், கால் தடுமாறும். நிறுத்த நினைத்தது சரி, நிறுத்திய வேகம்தான் சரியில்லை. மூளையில் காபா என்ற ஒரு வேதிப்பொருள் இருக்கிறது, பரபரப்பை அடக்குவது அதன் வேலை. மாத்திரை அந்த வேலைக்குக் கை கொடுக்கிறது. நான்கு வருடம் கை கொடுத்தால் மூளை அதையே நம்பிப் பழகிவிடும். திடீரென்று கையை எடுத்தால், அடங்கியிருந்த பரபரப்பு எல்லாம் ஒன்றாக எழும். நடுக்கம், வியர்வை, முன்பைவிட மோசமான தூக்கமின்மை எல்லாம் அதன் விளைவுதான்.

இனி கனவு. அவரை மிகவும் வாட்டுவது அதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். விடியற்காலை நாலரை மணிவாக்கில் அப்பத்தா அசந்து தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். மூடிய இமைக்குள்ளே கண்மணி இடமும் வலமும் விறுவிறுவென ஓடும். 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற தூக்க ஆய்வாளர்கள் எழுதிவைத்தது இந்த ஓட்டத்தைத்தான். அந்த நேரத்தில் எழுப்பினால் பலரும் கனவு கண்டதாகச் சொன்னார்கள். ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை இந்தக் கட்டம் வரும், விடியலை நெருங்க நெருங்க நீளும். அல்பிரசோலம் ஆழ்ந்த தூக்கத்தையும் குறைக்கும், இந்தக் கனவுக் கட்டத்தையும் ஒடுக்கும். மருந்து நின்றதும் மூளை அந்தப் பாக்கியை வசூலிக்கிறது. கனவு நீளமாக, அடர்த்தியாக, நேரில் பார்ப்பதுபோல வரும். தினமும் குடித்தவர் குடியை விட்ட முதல் வாரங்களிலும் இப்படித்தான்.

அந்தக் கனவில் ஐயா ஏன் வர வேண்டும்? அவர் போன சமயத்தில்தான் இந்த மாத்திரை வீட்டுக்குள் வந்தது. அழ வேண்டிய இரவுகளில் அப்பத்தா மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தார். அந்தத் துக்கம் இன்னும் தீரவில்லை என்றே நினைக்கிறேன். நாள் குறித்துச் சொல்லும் சகுனம் இதில் எதுவும் இல்லை. அதை அவரிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

கசகசா குருமாவுக்கு நல்லது. சமையல் அளவில் விதையில் உள்ள அபின் சத்து வெறும் சுவடுதான், மாத்திரையின் இடத்தை அது நிரப்பாது. ஆனால் மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சளி மாத்திரையைத் தூக்கத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள். இந்த வயதில் அது மனக்குழப்பத்தையும் சிறுநீர் அடைப்பையும் கொண்டுவரும்.

குறைப்பது மாதக் கணக்கில் நடக்க வேண்டிய வேலை. ஒரு படிக்குக் கால் பங்குக்கு மேல் இறக்கக் கூடாது, இந்த வயதுக்கு அதைவிடச் சிறிய படிதான் நல்லது. படிக்குப் படி இரண்டிலிருந்து நான்கு வாரம் இடைவெளி. கடைசிப் படிகள் இன்னும் மெதுவாக. அல்பிரசோலம் சீக்கிரம் உடம்பைவிட்டு இறங்கிவிடும் என்பதால், சிலருக்கு மெதுவாக இறங்கும் வேறு மருந்துக்கு மாற்றிக் குறைப்போம். அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அத்தையிடம் ஒரு சின்ன வேலை கொடுங்கள்: தினசரிக் காலண்டர் தாளில் அன்றைய அளவை எழுதிவைப்பது. என்னிடம் வந்த ஒரு பெரியவர் பிளேடால் மாத்திரையை நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் தாளில் மடித்துத் தேதி போட்டு வைத்திருந்தார். எட்டு மாதத்தில் முழுதாக விட்டுவிட்டார்.

தூக்கத்தை நேராக்க மாத்திரை இல்லாத வழி உண்டு. நீடித்த தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாகப் பரிந்துரைக்கப்படுவதே அதுதான். அப்பத்தா ஏழரை மணிக்கே படுத்து இரண்டு மணிக்கு எழுந்தால் ஆறரை மணி நேரம் தூங்கியாகிவிட்டது என்று கணக்குப் போடுங்கள். படுக்கும் நேரத்தைப் பத்து மணிக்குத் தள்ளுங்கள். மதியம் பட்டாலையில் சாய்வதை அரை மணி நேரத்தோடு முடித்துக்கொள்ளட்டும். மாலைக் காபி வேண்டாம். செட்டிநாட்டு வீடுகளில் உள்ளறைகள் பகலிலும் இருட்டு, அதனால் விடிந்ததும் அவரை முற்றத்தில் வெயில் படும்படி உட்காரவையுங்கள். குறைக்கும் மாதங்களில் இரவில் பின்கட்டுக்குப் போகும் வழியில் ஒரு விளக்கு எரியட்டும். உயரமான நிலைப்படியும் ஈரம் பட்ட ஆத்தங்குடிக் கல்லும் இடுப்பெலும்பை உடைக்கப் போதும்.

சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. எந்த நேரத்திலும் தமிழில் பேச 14416 என்ற டெலி மானஸ் எண்ணைக் கூப்பிடலாம், கட்டணம் கிடையாது. பகலிலும் சோர்வு, சாப்பாட்டில் விருப்பமின்மை, அழுகை என்று தொடர்ந்தால் மருத்துவரிடம் அதையும் தனியாகச் சொல்லுங்கள். மனச்சோர்வுக்கு வேறு மருத்துவம் உண்டு.

அப்புறம், காலையில் கனவைச் சொல்ல வந்தால் “அதெல்லாம் ஒண்ணுமில்ல” என்று வாயை அடைத்துவிடாதீர்கள். ஐயா எந்தத் துண்டு போட்டிருந்தார், முகப்பில் எந்தத் தூணோரம் நின்றார் என்று கேளுங்கள்.