வெந்நீரில் நின்றால் மட்டும் அடங்கும் வாந்தி

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது. கல்லூரியில் தொடங்கிய கஞ்சா பழக்கம், இப்போது தினமும் மூன்று நான்கு தடவை. ஆறு மாதமாக அடிக்கடி விடாமல் வாந்தி எடுக்கிறான். எண்டோஸ்கோப்பி, ஸ்கேன் எல்லாம் நார்மல். அல்சர் மாத்திரை கேட்கவில்லை. வாந்தி வரும் நாளில் பாத்ரூமுக்குள் போய் மணிக்கணக்கில் வெந்நீரில் நிற்கிறான். கேட்டால், “கஞ்சா அடிச்சாதான் குமட்டல் நிக்குது” என்கிறான். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து டாக்டரிடம் நாங்கள் இதைச் சொல்லவே இல்லை. என்ன செய்வது?

பதில்: முதலில் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நீங்கள் எழுதியதில் முக்கியமான தடயம் வெந்நீர்தான். வருடக்கணக்காக அதிகமாகக் கஞ்சா பிடிப்பவருக்குத் திரும்பத் திரும்ப வாந்தி வருகிறது, பரிசோதனைகளில் ஒன்றும் தெரியவில்லை, சுடச்சுடத் தண்ணீர் உடம்பில் படும்போது மட்டும் நிம்மதி என்றால் ‘கன்னாபினாய்டு ஹைப்பரெமிசிஸ் சிண்ட்ரோம்’ என்ற நிலையைத்தான் நாங்கள் சந்தேகிப்போம். ஆஸ்திரேலியாவில் அடிலெய்டை ஒட்டிய மலைப்பகுதியில் இருந்த நோயாளிகளை வைத்து 2004இல்தான் இது முதன்முதலில் விவரிக்கப்பட்டது. அதனால் பல மருத்துவர்களுக்கு இது சட்டென்று தோன்றாது. நோயாளியும் கஞ்சாவை மறைத்துவிட்டால் எப்படித் தோன்றும்? அல்சர், பித்தப்பை என்று தேடிக்கொண்டே இருப்பார்கள்.

தம்பி சொல்வது பொய்யும் இல்லை. கஞ்சாவில் போதை தரும் டிஎச்சி என்ற பொருளுக்குக் குமட்டலை அடக்கும் குணம் உண்டு. கீமோதெரபி வாந்திக்குச் சில நாடுகளில் அதன் செயற்கை வடிவத்தை மருந்தாகவே தருகிறார்கள். ஆனால் டிஎச்சி போய் ஒட்டும் ஏற்பிகள் மூளையில் மட்டுமல்ல, குடலிலும் இருக்கின்றன. அங்கே அது இரைப்பை காலியாவதை மெதுவாக்குகிறது. வருடக்கணக்கில் அளவுக்கு மீறி உள்ளே போகும்போது, சிலருக்கு அடக்க வேண்டியதே வாந்தியைக் கிளப்பிவிடுகிறது. காலையில் குமட்டல், அதற்கு ஒரு இழுப்பு, அதனால் அடுத்த சுற்று வாந்தி. இந்தச் சுழலில்தான் உங்கள் தம்பி மாட்டியிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

வெந்நீர் ஏன் உதவுகிறது? சூட்டை உணரும் ஒரு நரம்பு ஏற்பி நம் தோலில் இருக்கிறது. மிளகாயில் எரிச்சலைத் தரும் கேப்சைசினும் அதே ஏற்பியைத்தான் தூண்டுகிறது. அந்தத் தூண்டல் கொஞ்ச நேரம் குமட்டலை அமர்த்துகிறது. மூட்டுவலிக்கு விற்கும் கேப்சைசின் களிம்பை மருத்துவமனைகளில் இவர்களுக்கு வயிற்றில் தடவுவது இதனால்தான். டாக்டர் சொல்லாமல் நீங்களாகச் செய்ய வேண்டாம். மிளகாய்த்தூள் பக்கம் போகவே வேண்டாம். மணிக்கணக்கில் வெந்நீரில் நிற்பதும் ஆபத்து. வாந்தியில் போன நீரோடு வியர்வையிலும் நீர் போகும், தோல் வெந்துபோனவர்களும் உண்டு.

குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல் சிறுநீர் குறைந்தாலோ, வாந்தியில் ரத்தம் வந்தாலோ, படபடப்பு, தசைப்பிடிப்பு, குழப்பமான பேச்சு தெரிந்தாலோ உடனே அவசர சிகிச்சைக்குக் கூட்டிப்போங்கள். பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பு தடுமாறலாம், சிறுநீரகம் பாதிக்கப்படலாம். வழக்கமான வாந்தி ஊசி இவர்களுக்குப் பெரும்பாலும் சரியாகக் கேட்காது. ஹாலோபெரிடால் போன்ற வேறு மருந்துகள் கேட்கின்றன. கஞ்சா விஷயம் தெரிந்தால்தானே டாக்டர் அந்தப் பக்கம் யோசிப்பார்?

இதெல்லாம் அந்த நேரத்துச் சமாளிப்பு. முழுத் தீர்வு, கஞ்சாவை அடியோடு நிறுத்துவதுதான். குறைத்துக்கொள்வது போதாது. டிஎச்சி கொழுப்பில் தங்குவதால் தினமும் பிடித்தவர் உடம்பிலிருந்து வெளியேற வாரங்கள் ஆகும். வாந்தி முழுசாக ஓயச் சிலருக்கு மாதங்கள்கூட ஆகலாம். ஆறு மாதம் சுத்தமாக நிறுத்திய பிறகும் வந்தால் வேறு காரணம் தேட வேண்டும். நிறுத்தி நன்றாக இருந்துவிட்டு, “ஒண்ணே ஒண்ணு” என்று மறுபடி தொடங்கியவர்கள் பலர் அதே வாந்தியோடு திரும்பி வருகிறார்கள்.

நிறுத்திய ஓரிரு நாளில் எரிச்சல், வியர்வை, பசியின்மை, தூக்கமின்மை, மிரட்டும் கனவுகள் வரும். முதல் வாரம்தான் கடினம். இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும், தூக்கம் மட்டும் தாமதமாகச் சீராகலாம். அந்த நாட்களில் அவர் கத்தினால் பதிலுக்குக் கத்தாதீர்கள். கடையில் தூக்க மாத்திரை வாங்கித் தராதீர்கள். சிகரெட் புகையிலையோடு கலந்து பிடிக்கிறாரா என்று கேளுங்கள். அப்படியென்றால் நிகோட்டினுக்கும் சேர்த்துத்தான் சிகிச்சை வேண்டும்.

இருமல், சளி, ஞாபக மறதி, எதிலும் ஈடுபாடின்மை எல்லாம் நீண்டகாலப் பழக்கத்தில் பார்ப்பவைதான். எனக்கு அவற்றைவிடக் கவலை தருவது மனநோய். பெரும்பாலும் ஐரோப்பிய நகரங்களில் நடந்து 2019இல் வெளிவந்த ஆய்வில், வீரியம் கூடிய கஞ்சாவைத் தினமும் பிடித்தவர்களுக்கு மனச்சிதைவு போன்ற நோய்கள் வரும் வாய்ப்பு, பிடிக்காதவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்காக இருந்தது. யாரோ பின்தொடர்கிறார்கள் என்கிறாரா, தனியாகப் பேசுகிறாரா என்று கவனியுங்கள். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது அப்படி நோய் இருந்திருந்தால், மனநல மருத்துவரைப் பார்க்கத் தள்ளிப்போடவே கூடாது.

போலீஸ் பயம் பற்றி. நோயாளி சொல்வதை ரகசியமாக வைத்திருப்பது டாக்டரின் கடமை. 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவும், பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட அடிமைப்பட்டவர் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. ஆனால் சிகிச்சையை முழுசாக முடிக்க வேண்டும். அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். தேசியப் போதை மீட்பு உதவி எண் 14446, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. இவற்றைத் தம்பிதான் அழைக்க வேண்டும் என்றில்லை. அவர் சம்மதிக்கும்வரை காத்திருக்காமல் நீங்களே முதலில் பேசலாம்.