துபாய் அலுவலகத்துக்கு மாற்றல்: கையெழுத்திடும் முன் கேட்க வேண்டியவை

கேள்வி: பி.ஆர்க். முடித்து, ஒரு பன்னாட்டுக் கட்டடக்கலை நிறுவனத்தின் சென்னை அலுவலகத்தில் நான்கு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். அதே நிறுவனத்தின் துபாய் அலுவலகத்துக்கு மாதம் 15,000 திர்ஹாம் சம்பளத்தில் அழைக்கிறார்கள். போகலாமா?

பதில்: போகலாம். ஆனால், சம்பளத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், அந்த அலுவலகம் ஒரு கட்டடத்தின் எந்தக் கட்டத்து வேலையைச் செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். 828 மீட்டர் உயரமுள்ள புர்ஜ் கலீஃபாவை வடிவமைத்தது எஸ்.ஓ.எம். (ஸ்கிட்மோர், ஓவிங்ஸ் அண்ட் மெரில்) என்னும் கட்டடக்கலை நிறுவனத்தின் சிகாகோ அலுவலகம். துபாயில் கட்டுமான மேற்பார்வைப் பொறுப்பை ஏற்றதோ ஹைடர் கன்சல்டிங் என்னும் வேறொரு நிறுவனம். இத்தகைய பங்கீடு ஒரே நிறுவனத்தின் கிளைகளுக்கு இடையிலும் உண்டு. கான்செப்ட் எனப்படும் தொடக்க வடிவமைப்பு தலைமையகத்தில் உருவாகி, அரசு அனுமதிக்கான வரைபடங்களும் டெண்டர் ஆவணங்களும் மட்டும் கிளையில் தயாராவது வழக்கமான ஒன்று. அதைக் குறைவான வேலை என்று நான் கருதவில்லை. கண்ணாடி முகப்பின் இணைப்பு ஒன்று வரைபடத்திலிருந்து தளத்துக்குப் போகும்போது என்னவாகிறது என்பதை அங்கேதான் கற்க முடியும். ஆயினும் உங்கள் விருப்பம் வடிவமைப்பு என்றால், அந்த அலுவலகம் அண்மையில் முடித்த இரண்டு திட்டங்களைக் குறிப்பிட்டு, ஒவ்வொரு கட்டத்தையும் எந்த ஊர்க் குழு செய்தது என்று நேர்காணலிலேயே கேளுங்கள். வரைபடத்தின் ஓரத்திலுள்ள டைட்டில் பிளாக் என்னும் விவரக் கட்டத்தில் வரைந்தவர், சரிபார்த்தவர் இருவரின் பெயரெழுத்துகள் இருக்கும். உங்கள் அளவு அனுபவமுள்ளவர்கள் அங்கே சரிபார்ப்பவர்களாக இருக்கிறார்களா என்பதையும் விசாரியுங்கள்.

அடுத்து, 15,000 திர்ஹாமில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று பாருங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தின் தொழிலாளர் சட்டப்படி, ஓராண்டுப் பணியை நிறைவு செய்தவருக்கு முதல் ஐந்தாண்டுகளில் ஆண்டுக்கு 21 நாள் ஊதியம் பணிக்கொடையாக (கிராஜுவிட்டி) சேரும். அது அடிப்படைச் சம்பளத்தின் மீது மட்டுமே கணக்கிடப்படுகிறது. அடிப்படை 6,000 என்றால் மூன்றாண்டுகளுக்கு 12,600 திர்ஹாம், 9,000 என்றால் 18,900. துபாய்க்குள் தனி மண்டலமாக இயங்கும் துபாய் சர்வதேச நிதி மையத்துக்குத் தனித் தொழிலாளர் சட்டம் இருப்பதால், அலுவலகம் எங்கே பதிவாகியுள்ளது என்பதும் முக்கியம்.

நீங்கள் குறிப்பிடாத ஒன்றுதான் எனக்குக் கவலை தருகிறது. மாற்றல் என்று வாய்ச்சொல்லில் சொன்னாலும், பெரும்பாலும் இந்திய நிறுவனத்திலிருந்து விலகல் கடிதம் வாங்கிக்கொண்டு துபாய் நிறுவனத்துடன் புதிய ஒப்பந்தம் போடுவார்கள். இந்தியாவில் நிரந்தர ஊழியருக்குப் பணிக்கொடை கிடைக்கப் பொதுவாக ஐந்தாண்டுத் தொடர்பணி தேவை என்பதால், நான்காண்டுப் பணியோடு விலகினால் அதை இழக்க நேரிடும். ஆகவே, இந்தியப் பணியில் நீடித்தபடியே அயல்பணியாக (டெபுடேஷன்) அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் அதற்கு ஈடான தொகையைச் சேர்க்கைப் படியாக (ஜாயினிங் போனஸ்) கேட்பதில் தவறில்லை. புதிய ஒப்பந்தத்தில் ஆறு மாதம் வரை தகுதிகாண் காலம் இருக்கலாம். ஏற்கெனவே நிறுவனத்தில் இருப்பவர் என்ற முறையில் அதை நீக்கச் சொல்லுங்கள்.

பட்டச் சான்றிதழின் அட்டெஸ்டேஷனை, அதாவது அதிகாரப்பூர்வச் சான்றொப்பம் பெறும் வேலையை, இப்போதே தொடங்கிவிடுங்கள். இந்தியக் கட்டடக்கலை மன்றப் பதிவையும் காலாவதியாக விடாமல் புதுப்பித்து வாருங்கள். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, திரும்பி வந்து ஆர்க்கிடெக்ட் என்ற பெயரில் தொழில் செய்ய அது அவசியம். கடைசியாக, வரைபடங்கள் நிறுவனத்தின் உடைமை என்பதால், போர்ட்ஃபோலியோவில் எவற்றைச் சேர்க்கலாம் என்பதற்கான அனுமதியை, விலகும் நேரத்தில் அல்லாமல், ஒவ்வொரு திட்டமும் முடிந்த உடனேயே மேலாளரிடம் மின்னஞ்சலில் பெற்று வையுங்கள்.