தனி ஆரம்பிக்கும்போது எழுந்து போகாதீர்கள்

கேள்வி: டிசம்பர் கடைசி வாரத்தில் மனைவி, பத்து வயது மகனுடன் இரண்டு நாள் சென்னை வருகிறோம். சங்கீத சீசனுக்கு வருவது இதுதான் முதல் தடவை. நாளைக்கு நாலு வீதம் எட்டுக் கச்சேரி, இடையில் ஆறு சபா கேண்டீன் என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து போய்விட்டால் நிதானமாகச் சாப்பிடலாம் என்கிறார் நண்பர். என் திட்டம் சரிதானா? மகனை அழைத்து வரலாமா, அவனுக்குச் சலிப்புத் தட்டுமா? – ஒரு வாசகர், கோவை.

பதில்: திட்டம் சரியில்லை. எட்டுக் கச்சேரி வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரே ஒரு முழுக் கச்சேரி கேளுங்கள். முதல் உருப்படிக்கு முன்பே போய் உட்கார்ந்து, மங்களம் பாடிய பிறகு எழுந்திருங்கள். மதியம் தெம்பு இருந்தால் இளைஞர் ஒருவரின் கச்சேரி கூடுதலாக ஒன்று. இரண்டு நாளுக்கு அது தாராளம்.

மாலைக் கச்சேரி என்பது ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் கட்டி எழுப்புகிற விஷயம். வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான இரண்டு மூன்று கீர்த்தனைகளில் குரலும் பக்கவாத்தியங்களும் ஒன்றுக்கொன்று இணங்கி வரும். அப்புறம்தான் பெரிய ராகம். ஆலாபனை (வார்த்தையில்லாமல் ராகத்தை விரிப்பது), அதற்கு வயலினின் பதில், கீர்த்தனை, நிரவல் (ஒரே வரியைப் பலவிதமாகப் பாடுவது), கல்பனாஸ்வரம் (அந்த நேரத்துக் கற்பனையில் பாடும் ஸ்வரங்கள்), தனி ஆவர்த்தனம். கடைசியில் விருத்தம், திருப்புகழ், காவடிச் சிந்து, தில்லானா என்று சின்னச் சின்னத் துக்கடாக்கள். இப்போது நாம் கேட்கும் இந்த அமைப்பைப் போன நூற்றாண்டின் முற்பாதியில் நிலைநிறுத்தியவர் பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். முன்னால் வந்தது காதில் இருந்தால்தான் பின்னால் வருவது முழுசாக விளங்கும். முக்கால் மணி நேரம் கேட்டுவிட்டு ஆட்டோ பிடித்து ஓடினால், முகூர்த்தத்தை ஒரு மண்டபத்திலும் பந்தியை இன்னொரு மண்டபத்திலும் பார்த்த மாதிரிதான் இருக்கும். அதுவும் மாலை நெரிசலில் தி. நகரிலிருந்து மயிலாப்பூர் வந்து சேர்வதற்குள் அங்கே ராகம் முடிந்திருக்கும்.

நண்பர் சொன்ன யோசனை எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது. தனி ஆரம்பித்ததும் வரிசை வரிசையாக எழுந்து போவது சென்னை சபாக்களில் நெடுங்காலமாக இருக்கிற கெட்ட பழக்கம். புதிதாக வருகிற நீங்களும் அதைக் கற்றுக்கொள்ள வேண்டாம். அதுவரை பாடகரை ஒட்டியே வாசித்துக்கொண்டு வந்த மிருதங்க வித்வானுக்கு அந்தக் கால் மணி, இருபது நிமிஷம் மட்டும்தான் சொந்தமாகக் கிடைக்கிறது. அதற்காக அவர் எத்தனையோ வருஷம் சாதகம் செய்திருப்பார். அவர் தொடங்குகிற நேரத்தில் நாம் முதுகைக் காட்டலாமா?

கொஞ்சம் முன்னால் உட்கார்ந்து கவனித்துப் பாருங்கள். கச்சேரிக்கு முன்பே மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலில் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து ஒட்டியிருப்பார்கள். ‘கும்’ என்ற அந்தக் கனத்த நாதம் அதனால் வருவது. வலப்பக்கம் நடுவில் கறுப்பாக இருக்கும் பூச்சுக்குச் ‘சோறு’ என்று பேர். சுருதி பேசுவது அந்தப் பக்கம்தான். உடன் கடமோ கஞ்சிராவோ இருந்தால் முதலில் ஆளுக்குச் சில ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) நீளமாக வாசிப்பார்கள். பிறகு குறைப்பு: எட்டு நாலாகும், நாலு இரண்டாகும், இரண்டு ஒன்றாகும். ஒருவர் வாசித்ததை மற்றவர் உடனே வாங்கித் திருப்பிக் கொடுப்பார். முடிவில் இருவரும் சேர்ந்து மோரா, கோர்வை என்ற முடிப்புகளை வாசிப்பார்கள். கோர்வை மூன்று தடவை வந்து, பல்லவி எந்த இடத்தில் எடுக்குமோ சரியாக அந்த இடத்தில் வந்து விழும். பாடகர் அதே கணத்தில் பாட்டை எடுப்பார். அந்த நேரம் முழுக்கப் பாடகர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருப்பார். நீங்களும் கூடவே போடுங்கள். ஆதி தாளம் என்றால் எட்டு எண்ணிக்கை: ஒரு தட்டு, மூன்று விரல், அப்புறம் தட்டு-வீச்சு இரண்டு முறை. இது தெரிந்தால் போதும், தனி உங்களுக்குத் திறந்துவிடும்.

இன்னொன்று, நண்பர் சொன்னது நடைமுறைக்கும் ஒத்துவராது. தனியின்போது பாதி அரங்கம் கேண்டீனில்தான் நிற்கும். காபிக்கு வரிசை, கை கழுவ வரிசை என்று ஆகிவிடும்.

சாப்பாட்டை நான் மட்டமாக நினைக்கவில்லை. சீசன் கேண்டீன் சென்னைக்குப் பெருமைதான். கல்யாண சமையல் செய்து பேர் வாங்கியவர்கள் அந்த மாதம் முழுக்க அடுப்பை மூட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே போய்ச் சாப்பிட கச்சேரி டிக்கெட் தேவையில்லை. மதியம் இலைச் சாப்பாடு வேண்டுமென்றால் பன்னிரண்டு மணிக்கு முன்பே போய்விடுங்கள். சாம்பார், வத்தக்குழம்பு, ரசம் என்று நிதானமாகப் பரிமாறும் நேரம் அது. டிபனுக்கு மூன்று மணி நல்ல நேரம். அடை அவியல் இருந்தால் விடாதீர்கள். தினம் ஒரு இனிப்பு என்று மாற்றிப் போடுவார்கள். அசோகாவோ காசி அல்வாவோ அன்றைக்கு என்ன இருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள். மூன்றரைக்குள் காபியும் குடித்து முடித்தால் நாலு மணிக் கச்சேரிக்கு வயிறு நிறைந்து, மனசு லேசாக உட்காரலாம். ஆறு கேண்டீன் எதற்கு? நாளைக்கு ஒன்று போதும்.

காலை நேரத்தை ஓட்டல் அறையில் கழிக்காதீர்கள். மயிலாப்பூரில் தங்குங்கள். மார்கழி விடியலில் கபாலீஸ்வரர் கோயில் மாட வீதிகளில் பஜனை கோஷ்டி பாடிக்கொண்டு வரும். கீர்த்தனைகள் இயற்றிய பாபநாசம் சிவன் பல வருஷம் முன்னால் நின்று நடத்திய வழக்கம் அது. மேடை, டிக்கெட், ஒலிபெருக்கி எதுவும் இல்லாமல் கேட்கிற பாட்டு. அது முடிந்து அருண்டேல் தெருவில் ராயர் மெஸ்ஸுக்கு நடந்து போகலாம். இடம் சின்னது, காத்திருக்கத்தான் வேண்டும்; பொங்கலும் கெட்டிச் சட்னியும் காத்திருந்ததற்குக் குறை வைக்காது. அடுத்த நாள் மயிலை ரயில் நிலையத்திலிருந்து பறக்கும் ரயிலில் திருவல்லிக்கேணிக்குப் போங்கள். ரத்னா கபே 1948 முதல் இருக்கிறது. அங்கே இட்லி மூழ்கும்வரை சாம்பார் ஊற்றுவார்கள். 1900-ல் ஆரம்பித்த பார்த்தசாரதி சுவாமி சபாவும் அந்தப் பேட்டையில் பிறந்ததுதான்.

எந்தச் சபா என்று கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 1927-ல் இங்கே நடந்த காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி ஒரு சங்கீத மாநாடும் நடந்தது; அதன் விளைவாக 1928-ல் உருவானது மியூசிக் அகாதெமி. பிரபலமானவர்களின் மாலைக் கச்சேரிக்கு அங்கே டிக்கெட் கிடைப்பது கஷ்டம். கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம். பல சபாக்களில் மதியக் கச்சேரிக்குக் கட்டணமே கிடையாது. இருபது, இருபத்தைந்து வயசுப் பிள்ளைகள் காலியான நாற்காலிகளுக்கு முன்னால் உயிரைக் கொடுத்துப் பாடுகிறார்கள். நீங்கள் மூன்று பேர் போய் உட்கார்ந்தால் அந்த மேடைக்கே தெம்பு. தெலுங்கும் சமஸ்கிருதமும் புரியாதே என்ற தயக்கம் இருந்தால், பாரிமுனை பக்கம் ராஜா அண்ணாமலை மன்றத்தில் தமிழ் இசைச் சங்கம் நடத்தும் விழாவுக்குப் போங்கள். 1943-லிருந்து தமிழ்ப் பாட்டுக்காகவே இருக்கிற சங்கம் அது.

சென்னையின் டிசம்பர் பாட்டு சபாவுக்குள் மட்டும் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். நீலம் பண்பாட்டு மையம் 2020-லிருந்து ‘மார்கழியில் மக்களிசை’ நடத்துகிறது. கானா, ஒப்பாரி, பறை எல்லாம் மேடையேறுகின்றன. உங்கள் தேதியில் சென்னையில் அது இருந்தால், இரண்டு மாலைகளில் ஒன்றை அதற்குக் கொடுங்கள். கானா இந்த ஊர் மண்ணில் விளைந்தது. அதைக் கேட்காமல் சென்னைப் பாட்டைக் கேட்டதாகச் சொல்ல முடியாது. பறை அடிக்கும்போது நாற்காலி அதிர்வதை உங்கள் மகனும் விரும்புவான்.

அவனைக் கட்டாயம் அழைத்து வாருங்கள். இரண்டரை மணி நேரக் கச்சேரியில் பத்து வயசுப் பையன் நெளியத்தான் செய்வான், அதற்காகத் திட்டாதீர்கள். பெரிய ராகத்தின்போது வேண்டுமானால் வெளியே கூட்டிப்போய்ப் போண்டா வாங்கிக் கொடுங்கள். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் எழுந்தால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. தனிக்கு முன்னால் திரும்பி வந்து, மிருதங்கக்காரரின் விரல் தெரிகிற பக்கமாக அவனை உட்கார வையுங்கள். மேடைக்கு வலப்பக்கமா இடப்பக்கமா என்பது அன்றைக்கு யார் எங்கே உட்காருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. திரை விலகியதும் பார்த்து இடம் மாறிக்கொள்ளுங்கள்.